காசினோ ஊரில் ஓர் ஆடி அமாவாசை

அப்பர் இறந்த செய்தி எனக்குக் கிடைத்தபோது அவரைத் தகனம் செய்து பதினேழு நாள் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கடிதம் கொழும்புக்குப் போய், அங்கிருந்து சுவிசுக்கு வந்து சேர அப்படித்தான் ஆகும். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் நான். அன்றைக்கு நான் கூர் நகரில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றிருப்பேன். சிதை எரிந்த நேரம் என் கையில் என்ன கோப்பை இருந்திருக்கும் என்று பிறகு பலநாள் யோசித்திருக்கிறேன். பயன் இல்லாத யோசனைதான். ஆனாலும் வரும்.

என்னிடம் அப்போது இருந்தது ‘N’ அட்டை. தஞ்சம் கேட்டு வந்தவனுக்கு வழக்கு முடியும்வரை தருகிற அட்டை. அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், சுவிசுக்குள் ஓடித்திரியலாம், நாட்டு எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டிப் பிடிபட்டால் வழக்கே கவிழ்ந்துவிடும் என்று எங்கள் ஆட்கள் சொல்லுவார்கள். ‘B’ அட்டை கிடைத்தால்தான் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது மகளுக்கு ஆறு வயது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மற்ற நேரம் அது பிள்ளையார் படத்துக்கு முன்னால், திருநீற்றுக் குடுவைக்குப் பக்கத்தில் இருக்கும்.

தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் இருப்பது எங்கள் வழக்கம். நீர்க்கரைக்குப் போய், ஐயர் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் இறைத்து, முழுகி, வீட்டில் வந்து படைத்த பிறகுதான் சாப்பாடு. இறைப்பதற்கு முன்னால் ஐயர் சங்கற்பம் சொல்லுவார். இன்ன தேசத்தில், இன்ன நீர்க்கரையில், இன்ன கோத்திரத்து இன்னாருக்கு அவருடைய மகன் இன்னார் கொடுப்பது என்று. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், சமஸ்கிருதம் தெரியாது. ஆனால் அது கடிதத்துக்கு விலாசம் எழுதுவது போன்றது என்ற அளவுக்கு எனக்கு விளங்கியிருந்தது. எங்கேயிருந்து அனுப்புகிறோம் என்று சொன்னால்தான் அந்தத் தண்ணீர் அவரிடம் போய்ச்சேரும்.

முதல் வருடம் கூரிலேயே ரைன் ஆற்றில் செய்தேன். அது ஆடி மாதம் என்று பெயர்தான், தண்ணீர் பனிக்கட்டி. வேட்டியோடு இடுப்பளவில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். நாயோடு நடக்க வந்த ஒரு பெண் கரையில் நின்று ஏதோ கத்தினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பொலிஸ் வந்து என்னைக் கையில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து, கம்பளி போர்த்தி, சாகப் போனாயா என்று கேட்டார்கள். ‘பாப்பா, வாசர்’, அப்பா, தண்ணீர் என்று ஜெர்மனில் எனக்குத் தெரிந்த இரண்டு சொல்லை மாறி மாறிச் சொன்னேன். அட்டையைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டு போனார்கள். என்னோடு அறையில் இருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதே குசினியில் சலாட் வெட்டுகிறவர், எனக்கு அண்ணை. அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பொலிஸ் காவலோடு தகப்பனுக்குத் தண்ணி இறைச்ச ஆள் நீர் ஒராள்தான் என்று குசினி முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அடுத்த வருடம், தொண்ணூற்றி நான்கு, ஆடி அமாவாசை எனக்கு ஓய்வு நாளில் வந்தது. அந்த வாரம் முதலாளியம்மா ஒரு டிக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினா. ஒரு நாள் முழுக்கச் சுவிஸ் எங்கும் ரயில், பஸ், படகு எதிலும் ஏறலாம். அவவுடைய தாய்க்கு வாங்கியது, தாய்க்குக் கால் வலி, வீணாகப் போகக்கூடாது என்று தந்தா. நான் நான்கு வருடமாகக் கூர் நகரையும் ஹோட்டலையும் தவிர ஒன்றும் பார்க்காதவன். மனைவியும் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள், ‘எல்லாக் கடிதத்திலும் வேலை, குளிர், சுகம் என்று மூன்று சொல்லுத்தான் இருக்கு, அங்கை ஒரு இடமும் பாக்கிறேல்லையோ’ என்று.

எங்கே போகலாம் என்று அண்ணையைக் கேட்டேன். வாராவாரம் லொட்டோ போடுகிற மனிதன் வேறு எதைச் சொல்லுவார்? லுகானோவுக்குப் போம், அங்கையிருந்து படகு ஏறினால் கம்பியோனே எண்டு ஒரு ஊர், பெரிய காசினோ இருக்காம், இத்தாலிக் குக் சொல்லுறவன், உலகமெல்லாம் இருந்து வருகினமாம் என்றார். சூதாடுகிற இடத்தில் எனக்கு என்ன வேலை என்றேன். ஆடச் சொல்லேல்லை, வாசலைப் பாத்திட்டு வந்து சொல்லும், என்ர ஆசைக்கு என்றார். ஏரி இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். ஊரே ஏரிக்கரையில்தான் என்றார். ஆற்றைப் போல இழுக்காத தண்ணீர். அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஷ்லீரனில் இருந்த ஒன்றுவிட்ட தமையன் கடித உறைக்குள் கறுப்பு எள்ளு அனுப்பியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு, விடிய எழும்பி முழுகிச் சோறும் பருப்பும் பூசணிக்காயும் சமைத்து, அப்பரின் படத்துக்கு முன் வைக்கிற அளவுக்கு அறையில் மூடிவைத்தேன். ஒரு பிடி சோறு மட்டும் காகத்துக்கு என்று வாழையிலைக்குப் பதிலாகச் சலாட் இலையில் சுற்றிக்கொண்டேன். வேட்டி, துவாய், எள்ளு, சோறு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். வயிறு வெறுமை.

மலைக்கு மேலால் போகிற மஞ்சள் பஸ்ஸில் யன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கை லுகானோப் பக்கம் இறங்கும்வரை வெறுமையாகவே வந்தது. இடையில் ஆட்கள் ஏறினார்கள், பின்னால் போய் நின்றார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவர்களுக்கு என்னோடு என்ன கதை? ஆனால் ஒரு வளைவில் மலை விலகி, கீழே பச்சையாக ஒரு நீர்த்தேக்கம் தெரிந்தபோது, ‘இஞ்சை பார்’ என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் இருக்கையில் என் பிளாஸ்டிக் பைதான்.

லுகானோவில் வெயில் எங்கள் நாட்டு வெயில் போல இருந்தது. படகுத்துறையில் டிக்கெட்டை நீட்டினேன். தொப்பி போட்டவன் பார்த்துவிட்டுத் தலையாட்டித் திருப்பித் தந்தான். சுவிஸ் டிக்கெட் செல்லுகிற இடம் சுவிஸ்தானே. எனக்கு வேறு நினைப்பு வரவில்லை.

படகில் எல்லோரும் சோடி சோடியாக இருந்தார்கள். ஒரு யப்பான்காரச் சோடி என்னிடம் கமெராவைத் தந்து படம் எடுக்கச் சொன்னது. அதைப் பார்த்து இன்னொரு குடும்பம் தந்தது. இறங்குவதற்குள் நான்கு பேருக்கு எடுத்துக் கொடுத்தேன். அந்தப் படங்கள் எந்தெந்த வீட்டு அல்பங்களில் இப்போது இருக்கின்றனவோ. நான் அங்கே போனதற்கு என்னிடம் ஒரு படமும் இல்லை.

உலகமெல்லாம் வருகிற ஊர் என்று அண்ணை சொன்னதால் நான் பெரிய நகரம் ஒன்றை நினைத்திருந்தேன். இறங்கிப் பார்த்தால் ஒரு தெரு, ஒரு சதுக்கம், மலையடியில் கொஞ்ச வீடுகள். மதிய வெயிலில் கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. காசினோக் கட்டடம் மட்டும் ஏரிக்கரையில் பெரிதாக நின்றது, அதுவும் பகலில் ஒரு பள்ளிக்கூடம் மாதிரித்தான் இருந்தது. கோப்பிக் கடைப் பலகையில் விலை பிராங்கில் எழுதியிருந்தது. கார்களின் இலக்கத்தகடும் லுகானோக் கார்களுடையது போலவே. சுவிஸ் நாட்டின் ஒரு மூலை என்றுதான் எண்ணிக்கொண்டு கரையோரம் நடந்தேன்.

ஊர் முடிகிற இடத்தில் ஒரு மாதா கோயில். அதன் வாசலிலிருந்து அகலமான கற்படிகள் தண்ணீர்வரை இறங்கின. நான் அப்படியே நின்றுவிட்டேன். இறங்கி முழுகவென்றே கட்டியது போல இருந்தது. அப்பருக்குத் தண்ணீர் இறைக்க மாதா அம்மாவே இடம் காட்டியிருக்கிறா என்று நினைத்து, கோயில் வாசலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினேன். ஒருவரும் இல்லை. வேட்டியைக் கட்டி, முழங்காலளவு தண்ணீரில் நின்றேன். தர்ப்பைக்குப் பதிலாகப் படி இடுக்கில் நின்ற ஒரு புல்லை மோதிர விரலில் சுற்றினேன். தமிழிலேயே சொன்னேன்: ‘சுவிஸ் தேசத்திலே, இந்த ஏரிக்கரையிலே, சிவகோத்திரத்தைச் சேர்ந்த என் தகப்பனாருக்கு’ என்று தொடங்கி, அவர் பெயரையும் என் பெயரையும் சொல்லி, மூன்று தரம் எள்ளும் தண்ணீரும் விட்டேன். முழுகி எழுந்தேன். இந்த முறை ஒருவரும் என்னைக் காப்பாற்ற வரவில்லை. காகமும் இல்லை. சோற்றைப் படியில் வைத்தேன், இரண்டு வாத்துகள் வந்து தின்றன. அப்பர் எந்த உருவத்தில் வந்தாலும் சரிதான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து மனம் அவ்வளவு இலேசாக இருந்ததில்லை.

காய்ந்த உடுப்பைப் போட்டு, திருநீறு பூசி, படகுக்கு நேரம் இருந்தபடியால் அண்ணையின் ஆசைக்காகக் காசினோ வாசலுக்குப் போனேன். அப்போதுதான் திறந்திருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து குளிர்காற்றும் மணி கிணுகிணுக்கிற சத்தமும் வெளியே வந்தன. பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டோடு வயதான வாசல்காரர் ஒருவர் நின்றார். நான் உள்ளே போகிற எண்ணத்தில் நிற்கவில்லை. அவர் கையை நீட்டினார். எங்கள் ஆட்களுக்கு யூனிபோர்ம் போட்டவர் கையை நீட்டினால் அட்டையைக் கொடுத்துத்தான் பழக்கம். ‘N’ அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதை விரித்து, பின்பக்கம் திருப்பி, மறுபடி என்னைப் பார்த்தார். நெற்றியில் இருந்த திருநீற்றையும் கையில் இருந்த ஈரப் பையையும் பார்த்தார். பாஸ்போர்ட் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு காலால் தரையை மெதுவாக இரண்டு தரம் தட்டி, உடைந்த ஜெர்மனில் சொன்னார்:

“இங்கே இத்தாலி.”

எனக்கு விளங்கவில்லை. கையை ஏரிக்கு அக்கரையில் காட்டி ‘ஷ்வைஸ்’ என்றார். மறுபடி தரையைக் காட்டி ‘இத்தாலியா’ என்றார். சுற்றிவரச் சுவிஸ், நடுவில் இந்தச் சின்ன ஊர் மட்டும் இத்தாலிக்குச் சொந்தம் என்று விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அட்டையை மடித்து என் சட்டைப்பையில் அவரே வைத்தார். சதுக்கத்துப் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே காற்சட்டையில் சிவப்புக் கோடு போட்ட இரண்டு இத்தாலிப் பொலிஸ்காரர் நின்று ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த படகு நான்கரைக்கு என்று நான்கு விரலைக் காட்டிச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போக வந்த ஆட்களுக்குக் கதவு திறக்கப் போய்விட்டார்.

ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. நான்கு வருடமாக ஒரு பஸ் டிக்கெட் பிழைகூட விடாமல் காத்த வழக்கை, ஒரு வாசலைப் பார்க்கிற ஆசையில் கொண்டுவந்து இத்தாலியில் வைத்துவிட்டேனே. மகளின் முகத்தை நினைத்தால் ஆறு வயதுக்கு மேல் நினைக்கத் தெரியவில்லை. ஓடாமல், வேகமாகவும் நடக்காமல், மாதா கோயிலுக்குள் போய்ப் பின்வரிசை மர வாங்கில் குந்தினேன். உள்ளே இருட்டும் குளிர்ச்சியும். ஒரு மெழுகுதிரி ஏற்றிக் கும்பிட்டேன். அப்போதுதான் மற்றது நினைவுக்கு வந்தது.

சங்கற்பம். நான் சுவிஸ் தேசம் என்று சொல்லியல்லவா அப்பருக்கு இறைத்தேன். நின்ற மண் இத்தாலி. விலாசம் பிழை.

படித்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கு அந்த நேரம் பொலிஸ் பயத்தைவிட இது பெரிதாகிவிட்டது. கொள்ளியும் வைக்கவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்யவில்லை, இறைத்த தண்ணீரையும் பிழையான நாட்டின் பேரில் இறைத்திருக்கிறேன். அவர் எங்கே போய்த் தேடுவார்? அந்த வாங்கில் இருந்து அழுதேன். அந்தப் பெரிய கோயிலில் அப்போது நானும் அம்மாவும்தான். அவவுக்குத் தமிழ் விளங்கும் என்று நம்பித்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

வெளியே வந்து எள்ளு உறையைத் தட்டிப் பார்த்தேன். மடிப்பில் கொஞ்சம் எள்ளு ஒட்டியிருந்தது. திரும்பவும் படியில் இறங்கினேன். மேலே தெருவில் அந்த இரண்டு பொலிஸ்காரரும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கண்டேன். கண்டும் நிற்கவில்லை. தண்ணீரில் கைவைத்துச் சொன்னேன், இத்தாலி தேசத்திலே என்று. தெரியாமல் மாறிச் சொல்லிப்போட்டன் அப்பு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றும் சொன்னேன். மேலே காலடிச் சத்தம் நின்றது. ஒருவன் மற்றவனிடம் ஏதோ கேட்டான், மற்றவன் ஏதோ சொன்னான். பிறகு சத்தம் தூரப் போனது. நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

நான்கரைப் படகில் ஏறினேன். தொப்பி போட்டவன் அதே டிக்கெட்டை அதே மாதிரிப் பார்த்துத் திருப்பித் தந்தான். ஒரு தடுப்பும் இல்லை, ஒரு கேள்வியும் இல்லை.

அறைக்கு வந்து படைத்துச் சாப்பிட்ட பிறகு அண்ணையிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “இது உமக்கும் எனக்கும் தெரிஞ்சது போதும். குசினியில வாய் திறக்காதையும், கடிதத்திலயும் எழுதாதையும்,” என்றார். நான் மனைவிக்கு ஏரியையும் படிகளையும் வாத்துகளையும் எழுதினேன். நாட்டின் பெயரை எழுதவில்லை. அந்தக் கடிதத்தை அவள் சுற்றத்தார் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாளாம்.

அடுத்த வருடம் வசந்தத்தில் வெளிநாட்டாரின் அலுவல் பார்க்கிற பொலிஸ் கந்தோரிலிருந்து அழைப்பு வந்தது. ‘B’ அட்டை தரலாமா என்று பார்க்கிற விசாரணை. முதல்நாள் முழுக்க அண்ணை எனக்குப் பாடம் நடத்தினார். கேட்டதுக்கு ஓம், இல்லை, அவ்வளவுதான், கதாப்பிரசங்கம் வைக்காதையும் என்றார். நான் சரி என்றேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, என் வயதிருக்கும், தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால். பக்கத்தில் மொழிபெயர்க்க வந்த தமிழ்ப் பிள்ளை ஒன்று, பொட்டு வைத்திருந்தாள். வேலை, வாடகை, வரி, பொலிஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ரைன் ஆற்று விடயம்கூட அவர்களிடம் எழுத்தில் இருந்தது. அதற்கு அதிகாரி இலேசாகச் சிரித்தார். எல்லாம் நல்லபடி போனது. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி, நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து எப்போதாவது சுவிசை விட்டு வெளியே போனதுண்டா என்று.

அந்தப் பிள்ளை அதைத் தமிழில் சொல்லிவிட்டு, ‘இல்லை’ என்ற சொல்லை ஜெர்மனில் சொல்லத் தயாராகவே அதிகாரிப் பக்கம் திரும்பிவிட்டாள். எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கும் நாக்கு நுனியில் அதுதான் இருந்தது. அந்தச் சின்னச் சொல்லுக்கு அந்தப் பக்கத்தில் மனைவியும் பிள்ளையும் நிற்கிறார்கள். ஆனால் தெரியாமல் ஒரு தரம் பிழையான நாட்டைச் சொல்லிவிட்டு அதற்காக ஏரியில் நின்று மன்னிப்புக் கேட்டவன், இப்போது தெரிந்துகொண்டு எப்படிச் சொல்லுவது?

“ஓம், போனனான். ஒருக்கா. அரை நாள்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அண்ணை, கேள்வி விளங்கினதோ? வேற நாட்டுக்குப் போனனீங்களோ எண்டு கேக்கினம்.”

“விளங்கினது பிள்ளை.”

“யோசிச்சுச் சொல்லுங்கோ,” என்றாள், குரலைத் தாழ்த்தி, உதடு அசையாமல்.

“யோசிச்சுத்தான் சொல்லுறன். நீங்கள் மாத்திச் சொன்னால் பாவம் உங்களுக்கு இல்லை, எனக்குத்தான். சொன்னபடி சொல்லுங்கோ.”

அவள் ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள். அதிகாரியின் விரல்கள் நின்றன. எங்கே, ஏன், யாரோடு என்று கேட்டார். தனியாக, காசினோ ஊருக்கு, தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க என்றேன். நான் சொன்னது ஒரு வரி, அவள் அதை ஜெர்மனில் சொல்லி முடிக்கக் கனநேரம் எடுத்தது. இடையில் கையால் தண்ணீர் விடுவதுபோலக் காட்டினாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இதை யாரும் கண்டு எழுதவில்லை, எங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை, ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

கேட்டீர்கள்தானே என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டச்சில் எழுதினார். நான்கு வரி இருக்கும். அந்தப் பிள்ளை அதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள், ஒரு சொல்லும் கூடவும் இல்லை குறையவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். வாசல்வரை வந்தவள், கடவுளைக் கும்பிடுங்கோ அண்ணை என்று மட்டும் சொன்னாள்.

என்னோடு அந்த மாதம் விசாரணைக்குப் போன இரண்டு பேருக்கு இலையுதிர் காலத்துக்கு முன்பே ‘B’ கிடைத்தது. அண்ணைக்கும் கிடைத்தது. அவர் தன் அட்டையை எனக்குக் காட்டாமல் மூன்று நாள் வைத்திருந்தார். எனக்கு ஒரு கடிதமும் இல்லை. அந்த வருடக் கடைசியில் யாழ்ப்பாணத்தில் சண்டை முற்றி ஊரே இடம்பெயர்ந்தது. மனைவியும் மகளும் நடந்து, வள்ளத்தில் ஏறி, வன்னியில் ஓர் ஓலைக் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று இரண்டு மாதம் கழித்துத்தான் அறிந்தேன். அந்தக் கொட்டிலில்தான் மகள் பெரியபிள்ளை ஆனாள். தண்ணி வார்க்கத் தாய்மாமன் இல்லை, தகப்பனும் இல்லை. இரவல் சேலை ஒன்றைச் சுற்றிவிட்டு, பக்கத்துக் கொட்டில் பெண்கள் நான்கு பேர் ஆராத்தி எடுத்தார்களாம். அந்தக் கடிதத்தை வாசித்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. விசாரணை நாளில் சொன்னதை மனைவிக்கு எழுதினேன். இனியும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவள் உடனே பதில் போடவில்லை. பிறகு யாரோ வவுனியாவுக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிட்ட கடிதம் வந்தது. கோபமான கடிதம் இல்லை. ‘நீங்கள் சாமி பக்தி உள்ளவர் என்று தெரிஞ்சுதான் கட்டினனான். ஆனால் ஒரு இல்லை சொல்லியிருந்தால் பிள்ளை இந்தக் கொட்டிலில் குந்தியிருக்க மாட்டாள்’ என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, குளிருக்கு உடுப்பு வாங்க உதவும் என்று, மகளின் தோளிலிருந்து மணிக்கட்டுவரை அளந்த ஒரு நூல் மடித்து வைத்திருந்தாள். வரமாட்டோம் என்று அவள் நினைக்கவில்லை என்பதற்கு எனக்கு இருந்த ஒரே சாட்சி அந்த நூல்தான். அடுத்த ஓய்வு நாளே கடைக்குப் போய், நூலைப் பிடித்துப் பார்த்து, சிவப்பு ஜக்கெட் ஒன்று வாங்கினேன்.

‘B’ அட்டை தொண்ணூற்றி ஆறு கடைசியில் வந்தது. வாங்கப் போனபோது கவுண்டரில் வேறொரு பெண் இருந்தா. என் கோப்பு அவவுக்கு முன்னால் தடிப்பாகக் கிடந்தது. அந்த நான்கு வரிதான் என்னைப் பின்னுக்குத் தள்ளியதா, அல்லது சும்மா வரிசைதான் அப்படியா என்று கேட்க எனக்குப் போதிய ஜெர்மன் அப்போது வந்துவிட்டது. வசனத்தைக்கூட மனதில் கோத்துக்கொண்டு போயிருந்தேன். அவ பேனாவைத் தந்தா. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். எது பதிலாக வந்தாலும் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அவர்கள் கொழும்புக்கு வந்து, விசாவுக்கு நின்று, சூரிச் விமானநிலையத்தில் வந்து இறங்கியபோது மாசி மாதம். மனைவியை உடனே கண்டுபிடித்தேன், மெலிந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அவள் உயரத்துக்கு ஒரு பெண் நின்றது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் தாயின் தோளுக்குப் பின்னால் பார்வையை எடுத்துக்கொண்டது. எனக்கு என்ன சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. பையிலிருந்து ஜக்கெட்டை எடுத்து நீட்டினேன். வாங்கிப் போட்டாள். நூல் அளந்து வருடமாகப் போகிறது, இரண்டு கையும் மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டன. பொத்தான் பூட்டவே முடியவில்லை.

மனைவி என்னைப் பார்த்தாள். வெளிக் கதவு திறந்து பனிக்காற்று உள்ளே அடித்தது. நான் என் கோட்டைக் கழற்றப் போனேன்.

“வேண்டாம் அப்பா,” என்றாள் மகள். பல்லுக் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. “எனக்குக் குளிரேல்லை.”